டப்பாவுக்குள் ஊரார் பல்

பல் கிளினிக்கில் பல்லைவிட அதிகமாக ஆடுவது கம்ப்யூட்டர்தான் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் படித்தது கோலார் தங்கவயலில், எட்டாவது வரைக்கும். கல்யாணமாகி விவேக் நகர் வந்தேன். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் என் துப்பட்டா நுனியைப் பார்த்துப் பதில் சொல்கிற ஆள். டாக்டர் மேடம் என்னை முதலில் கருவிகளைக் கழுவி வைக்கத்தான் எடுத்தார். முன்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் நின்றுவிட்டதும், "மூணு மாசம் நீ உக்காரு சாந்தி. சரிப்பட்டா சீட்டு உனக்கே" என்றார். கழுவுகிற வேலைக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்தாச்சு. அதனால் சரிப்படவில்லை என்றால் எனக்கு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிதான். காலை ஏழரைக்கு வண்டி ஏறினால் இறங்க சாயந்திரம் ஏழு ஆகும். இங்கே மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள், என் பாப்பா நித்யாவின் பள்ளிக்கூடம் விடுவது மூணேகாலுக்கு. எனக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் எல்லாம்.

அடுத்தவர் மெஷினைத் தொடவே பயப்படுகிறவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

ஒயரைச் சுருட்டினேன்

முதல் நாளே மேடம், "கிளம்பும்போது மறக்காம பேக்கப் மாடிட்டு போம்மா" என்றார். மேடத்துக்கு வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கைகோத்துக்கொண்டு வரும், மாடிட்டு என்றால் செய்துவிட்டு. எனக்கு பேக்கப் என்றால் நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒருமுறை சீரியல் ஷூட்டிங் நடந்தது. ஒருத்தர் "பேக்கப்" என்று கத்தினார், உடனே எல்லாரும் ஒயரைச் சுருட்டி, விளக்கைக் கழற்றி, பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

நானும் அப்படியே செய்தேன். மவுஸ் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். கீபோர்டைத் துடைத்து அதன் அட்டைப்பெட்டியில் வைத்தேன். மானிட்டருக்கு ஒரு பழைய தலையணை உறை. மேடம் "பேக்கப் ஆய்தா?" என்று கேட்பார், நான் "ஆச்சு மேடம்" என்பேன். மூன்று நாள் இப்படியே போனது. சாயந்திர ஷிஃப்டுக்கு வருகிற ஸ்டெல்லா அக்கா நாலாம் நாள் அட்டைப்பெட்டியோடு நேராக மேடம் ரூமுக்கே போய்விட்டார். "யாரு மேடம் இது, தினம் கம்ப்யூட்டரை ஊருக்கு அனுப்புற மாதிரி கட்டி வெக்கிறது?"

மேடம் அட்டைப்பெட்டியைப் பார்த்தார், தலையணை உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவைப் பார்த்து, ஷூட்டிங் கதையைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு காப்பி எடுத்து வைப்பதற்குப் பேர்தான் பேக்கப் என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மாஸ்கை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ ஹீரோ ஹீரோயின் எல்லாம் வண்டி ஏறிட்டாங்களாம்மா?"

வீட்டுக்கு வந்த பல்

மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற நவீத் பாயை மேடம் வரவழைத்தார். அவர் பழையதுக்குப் பதிலாக, சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்தார். அன்றைக்கு வரைக்கும் இருந்ததை அவரே ஏற்றிவிட்டு, எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "சிம்பிள் தங்கச்சி. மஞ்ச ஃபோல்டர் மேல ரைட் கிளிக், காப்பி. டப்பாவைத் திற, பேஸ்ட். டென்ஷன் நக்கோ, வேணாம்." கிளினிக்கில் திருட்டோ தீயோ ஆனாலும் காப்பி தப்பிக்கணும் என்று டப்பா தினமும் என்னோடு வீட்டுக்குப் போய், காலையில் என்னோடு திரும்பி வரணும் என்று முடிவானது. "எல்லா பேஷண்ட் பல்லும் இதுக்குள்ள இருக்கு, கீழ போட்டுடாதே" என்றார் நவீத் பாய்.

அவர் சொன்னதை வீட்டில் பாப்பாவிடம் அப்படியே சொன்னது என் தப்பு. அவள் டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். நல்லவேளை, பிடுங்கிவிட்டேன். ஆனால் விஷயத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. எங்கம்மா தினமும் டப்பாவில் பல் கொண்டு வருகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். குழாயடியில் பக்கத்து வீட்டு ஃபிலோமினா ஆன்ட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரருக்கு முன்பல்லு ரெண்டு இல்ல, அளவு பார்த்து ஏதாவது தேறுமா?"

காப்பி இருக்குல்ல?

வியாழக்கிழமை என்றால் கிளினிக்கில் நிற்க இடமிருக்காது. பக்கத்துக் கோயிலில் அன்றைக்குத்தான் விசேஷம், அங்கே வந்தவர்கள் அப்படியே பல்லையும் காட்டிவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணும். அவரோ ஊசியைப் பார்த்ததும் என் மேஜைக்கு வந்து நின்றுகொண்டார். அவரைப் பேச்சில் வைக்கலாம் என்று எனக்கே புதிதாக ஒரு தைரியம். அவருடைய எக்ஸ்ரேவைத் திரையில் காட்டி, "இதெல்லாம் பத்திரமா இருக்கும் தாத்தா, நான் தினமும் காப்பி எடுத்து வெக்கிறேன்" என்றேன்.

பெரியவர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, மேடத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கிட்ட காப்பி இருக்காம், அதைப் புடுங்கிக்கங்க, ஒரிஜினல் என்கிட்டயே இருக்கட்டும்!"

ஒரு செகண்ட்

என் பெருமையை இப்போது சொல்லணும். முன்னால் இருந்த பெண்ணுக்கு பேக்கப் எடுக்க முக்கால் மணி நேரம் ஆகுமாம். எனக்கு ஒரே செகண்ட். காப்பி, பேஸ்ட், முடிந்தது. ஸ்டெல்லா அக்காவே, "கைராசிடி உனக்கு" என்று சொல்லிவிட்டார். தினமும் மூன்று மணிக்கு டிபன் பையில் டப்பாவைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட கேட்டில் முதல் ஆளாக நிற்பேன்.

இரண்டரை மாதம் இப்படியே ஓடியது. பிரின்டர் பார்க்க வந்த நவீத் பாய், நான் பேக்கப் எடுப்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவர் முதல் நாள் ஏற்றியது மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு பல் கூட இல்லை. நான் தினமும் எடுத்தது, திரையில் சட்டென்று திறக்க வசதியாக வைத்திருந்த மஞ்சள் படத்தை. அதன் மூலையில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருந்திருக்கிறது. உண்மையான ஃபோல்டர் உள்ளே எங்கேயோ சும்மா கிடக்க, நான் அம்புக்குறியைப் பத்திரமாக வீட்டுக்குத் தூக்கிப் போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறேன். நவீத் பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அரே தங்கச்சி, நீ வீட்டைத் தூக்கிட்டுப் போகலை, வீட்டு அட்ரஸை எழுதிட்டுப் போயிருக்கே!"

எவ்ளோ ஹொத்து?

"நான் மேடம் கிட்ட சொல்லமாட்டேன், ஆனா நீ சொல்லிடு" என்று நவீத் பாய் சரியான ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லணும் என்றுதான் இருந்தேன். மூன்று மாதம் முடிய இரண்டே வாரம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே அதுவும் முடிந்துபோனது. மேடமும் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டால், ஞாபகம் வந்து "வேணாம்" என்று சொல்லிவிட்டால்? ஞாபகம் வராத வரைக்கும் வேலை இருக்கிறது, பேசாமல் இரு என்று என்னையே அதட்டி உட்கார வைத்தேன்.

ஆனால் இப்போது சரியான பேக்கப்புக்கு நாற்பது நிமிஷம் ஆகிறது. திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி நகரும். பாப்பாவைக் கூப்பிடப் போகணும் என்பதால் இரண்டேகாலுக்கே ஆரம்பித்துவிடுவேன், கம்ப்யூட்டர் மந்தமாகிவிடும். ஒருநாள் மேடம் எக்ஸ்ரேக்காகக் காத்திருந்து காத்திருந்து வெளியே வந்தார். "முன்னே டக்குன்னு முடிச்சே, இப்போ ஏன் இவ்ளோ ஹொத்து?" ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார். உட்கார்ந்திருந்த நாலு பேஷண்டும் என்னையே பார்த்தார்கள். கரண்டைக் குறை சொல்லலாமா, டப்பாவைக் குறை சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு எழுந்து நின்று, அம்புக்குறியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடம் கடைசிவரை கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட அழுது முடித்திருப்பேன். அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நோடோணா, பாக்கலாம்."

உதடு மரத்தவர்

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். விசில் அடித்தது, கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமியது, திரை கறுப்பாகிவிட்டது. உள்ளே சீட்டில் ஒரு சாஃப்ட்வேர்காரர், ரூட் கெனாலுக்காக ஊசி போட்டு உதடு மரத்துப்போய்ப் படுத்திருந்தார். போன வாரம் எடுத்த அவர் பல்லின் அளவெல்லாம் அதே கம்ப்யூட்டரில். "ரீழ்ஷ்டார்ட் பண்ணுங்ழ" என்று படுத்தபடியே சொன்னார். பண்ணினேன். வரவில்லை. "ஒயரைப் புழுங்கி மாட்டுங்ழ" என்றார். மாட்டினேன். வரவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

நவீத் பாய் லேப்டாப்போடு ஓடி வந்தார். எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்திலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். மேடம் ஒரு கையில் பல் பார்க்கிற கண்ணாடியோடு என் பின்னால் வந்து நின்றார். டப்பாவில் விளக்கு மினுக் மினுக் என்றது. இதுவும் அட்ரஸாக இருந்தால் நாளைக்கே ஏழரை மணி வண்டிதான் என்று நினைத்துக்கொண்டேன். நவீத் பாய் பேரைத் தட்டினார். வந்தது. போன வார எக்ஸ்ரே, அளவு, அதற்குக் கீழே நேற்று மத்தியானம் பல்லைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வந்த யாரோ ஒரு அம்மாவின் பேர் வரைக்கும்.

மேடம் உள்ளே போய் வேலையை முடித்தார். சாஃப்ட்வேர்காரர் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். அவர் கம்பெனியில் அவருக்கு வேலையே ஊர் உலகத்து டேட்டாவைப் பத்திரமாக வைப்பதுதானாம். டப்பாவைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "என் கழ்யாண போட்டோ மொத்தமும் ஒரே போன்ல இருக்குழ்மா, இந்த டப்பா எங்ழ கெடைக்கும்?"

கேட்கவே இல்லையே

மூன்று மணிக்கு நான் பையை எடுக்கும்போது மேடம் கூப்பிட்டார். போனேன். இவ்வளவு நடந்ததே, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது. முதல்முறையாகத் துப்பட்டாவை விட்டுவிட்டு மேடம் முகத்தைப் பார்த்து, "மேடம், மூணு மாசம்னு சொன்னீங்களே, அது முடிஞ்சு ஒரு மாசமாகப் போவுது. நான் இருக்கட்டுமா?" என்றேன்.

மேடம் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு கார்மென்ட்ஸ் வண்டி, பூட்டின பள்ளிக்கூட கேட், அழுகிற பாப்பா எல்லாம் வந்து போயாச்சு. அவர் சொன்னது இது: "அய்யோ, நான் அப்பவே உன் பேரை ஸ்டாஃப் லிஸ்ட்ல போட்டுட்டேனே, உன்கிட்ட சொல்றதுக்குத்தான் மரத்தே போயிட்டேன், மறந்துட்டேன்! நீ ஏன்மா கேக்கவே இல்ல?"

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்கிற ஒரு விஷயத்துக்கு மட்டும் மேடத்தின் லிஸ்டில் ஒரே ஒரு ஒரிஜினல்தான் இருந்திருக்கிறது, காப்பி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.