ஒரு ஆளு வரணும்

'என் அடிப்படை நம்பிக்கைகள்' என்று தலைப்புப் போட்ட ஒரு படிவம் போன வாரம் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் செல்போனுக்கு வந்தது. நேர்மை, கருணை, ஒற்றுமை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பிடித்ததைத் தொட்டால் போதும். என் வகுப்பில் அறுபது பேரும் நாலு நிமிஷத்தில் நம்பி முடித்துவிட்டு ரீல்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆசிரியர்களும் நிரப்ப வேண்டுமாம். கெமிஸ்ட்ரி லேபில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அடைத்துக்கொண்ட சிங்கிலிருந்து லேசாக அழுகின முட்டை நாற்றம் வந்தது. அவ்வளவுதான், படிவம் போச்சு, அமலி நினைவில் வந்துவிட்டாள்.

நாங்கள் படித்த காலத்தில் இதே லேபின் மூலையில் ஒரு கண்ணாடிக் குடுவை, நாள் முழுக்க அந்த நாற்றத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். உப்பு என்ன உப்பு என்று கண்டுபிடிக்க அந்த வாயு வேண்டும். வீட்டுக்குப் போனால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து வரும் அமலிக்கு மட்டும் அதில் ஏக சந்தோஷம். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் மீன் வாடை என்று மூக்கைப் பொத்தினவர்களில் நானும் உண்டு. "இப்பம் எல்லாரும் ஒரே நாத்தம்லா மக்கா!" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் மாரல் கிளாஸ் எடுக்க வந்த சார், ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "நீங்க என்னத்த நம்புதியோ அத எழுதுங்க. பேரு எழுதாண்டாம்" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சர்ச்சில் ஞாயிறுதோறும் ஒப்பிக்கும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு வரி விடாமல் எழுதிவைத்தோம். சி.எஸ்.ஐ.காரர்கள் ஒரு மாதிரி, கத்தோலிக்கர்கள் ஒரு மாதிரி. கோயில் தெருப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, பள்ளிக்கூட உறுதிமொழியை எழுதியிருந்தார்கள். முழு மார்க் கிடைக்கும் என்றே நான் நினைத்தேன். சார் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத போதகரும் சாமியாரும் நம்பட்டும். நீ என்னத்த நம்புத?"

ஒரு தாளில் மட்டும் ஒரே ஒரு வரி. அதைச் சார் உரக்க வாசித்தார். கடலுக்குப் போன ஒரு ஆள் திரும்பவில்லை என்றால் மற்றவர்கள் மீன்பிடிக்கப் போகக் கூடாது.

வகுப்பே சிரித்தது. "இது நம்பிக்கையா சார், மீன்பிடிச் சட்டம்லா" என்று கத்தினது, வேறு யார், நான்தான். பேர் இல்லாவிட்டால் என்ன, யார் தாள் என்று எல்லாருக்கும் தெரியும். அமலி எழுந்து நின்றாள். "எங்கப்பா ரெண்டு நாளு வரல சார். ஊருல ஒரு வள்ளமும் மீனுக்குப் போவல. எல்லாரும் தேடத்தான் போனாவ. அப்பா வந்த பொறவுதான் வலையத் தொட்டாவ." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. மணி அடித்து அரை மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். பேப்பர் போனால் வருஷம் போச்சு, பிறகு கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்துச் சுசீந்திரத்தில் பழையாற்று வெள்ளம் ரோட்டில் ஏறிவிட்டது. பஸ் நின்றுபோய், முழங்கால் தண்ணீரில் நடந்து, ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்தது என்று அழுதுகொண்டே படியேறினால், வராந்தாவில் வெள்ளைக் கோட்டோடு என் பேட்சின் மற்றப் பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். முன்னால் அமலி.

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் எல்லாருக்கும் ஆப்சென்ட் போடுவேன் என்று குதித்திருக்கிறார். "ஒரு ஆளு வரணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து நின்றுவிட்டாளாம். அவள் தெருவில் காலேஜுக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவளுக்கும் அது ஒரே வாய்ப்பு. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து நின்றாளாம், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும்.

"ஏட்டி, எனக்காவா நின்ன?" என்றேன்.

"ஒனக்காவ ஒண்ணும் இல்ல. ஆளு கொறையுதுல்லா" என்றாள். பிறகு தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "மொதல்ல தலையத் தொவத்து" என்றாள்.

எக்ஸாமினர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உப்பை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் பாஸ். எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் பார்த்துவிட்டேன். அந்தப் பதினெட்டு வயசுக்காரி அளவுக்கு எனக்கு யாரும் உயரமாகத் தெரியவில்லை. இப்போது அவள் குவைத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கேள்வி.

அந்தக் கண்ணாடிக் குடுவையை லேபிலிருந்து தூக்கி எறிந்து பல வருஷமாகிறது. இப்போதைய பிள்ளைகளுக்கு உப்பை அந்த நாற்றம் இல்லாமலே கண்டுபிடிக்கத் தெரியும். லேப் வாசலில் கேமரா இருக்கிறது. போன செமஸ்டர் தேர்வன்றும் நல்ல மழை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை மட்டும் காணவில்லை. அரை மணி ஆனது. உள்ளே இருந்தவர்கள் யாரும் தலைநிமிரவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, கதவைச் சாத்தியது நான்தான்.

இன்னொரு அரை மணி கழித்துத் திறந்து பார்த்தேன். நனைந்துபோய் அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை.