விழுங்கவும் பயமில்லை, விடவும் பயமில்லை

மழைக்காலம் தொடங்கிய நேரம். எங்கள் மலையூரான கரடியூரில் ஜீப்புக்காக நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா குடையும் கையுமாக ஓடி வந்தார். என் கையில் ஒரு காலி மாத்திரை அட்டையைத் திணித்தார்.

“ஏங்கண்ணு, டவுனுக்குத்தானே? மெடிக்கல்ல இதைக் காட்டு. இதே மாதிரி ஒரு அட்டை வாங்கிட்டு வந்துரு.”

எங்கள் மலையில் பிரிஸ்கிரிப்ஷன் என்றால் இதுதான். யாருக்கோ, எப்போதோ, எதற்கோ குணமாகியிருக்கும். காலி அட்டையைப் பத்திரமாக எடுத்து வைப்போம். பிறகு வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், அட்டை ஜீப் ஏறிவிடும்.

திருப்பிப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்.

“யாருக்குக்கா?”

“ஜெனிபருக்குத்தான். சளி, இருமல். புள்ள நொம்பச் சிரமப்படுறா.”

ஜெனிபர் அவருடைய மருமகள். அப்போது ஆறு மாத கர்ப்பம்.

“முன்னாடி இது யாருக்கு வாங்கினது?”

“எம்பையனுக்கு. காப்பிச் செடில கிளை வெட்டிக் கவ்வாத்து பண்றப்போ கத்தி கால்ல பட்டுச்சில்ல? அப்பக் குடுத்தாங்க. புண்ணு சட்டுனு ஆறிப்போச்சு.”

மகனின் கால் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரை, கர்ப்பிணி மருமகளின் சளிக்கு! நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜீப் போனால் போகட்டும் என்று அங்கேயே நின்று விளக்கினேன். சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. கர்ப்பக் காலத்தில் தேவையில்லாமல் போட்டால், பிறக்கிற பிள்ளைக்குப் பின்னாளில் மூச்சு இளைப்பு வருமோ என்று டாக்டர்களுக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது — உறுதியாகத் தெரியவில்லை, ஆனாலும் எதற்கு வம்பு? டாக்டர் பார்த்துக் கொடுத்தால் கட்டாயம் போட வேண்டும். நாமாக வாங்கிப் போடக் கூடாது.

அக்கா நன்றாகத் தலையாட்டினார். சளியும் தானாகவே போய்விட்டது. ஒரு குடும்பத்தைத் திருத்திவிட்டோம் என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எனக்குத் தேவைதான்...

ஏழாவது மாதம் முடியும் சமயம். அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெனிபர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் உடம்பு கொதிக்கிறது.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கக்கா. போன வாரமே ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தாங்க. கிருமி இருக்குதுன்னு மாத்திரை குடுத்தாங்க.”

“போட்டியா?”

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

“ஆன்டிபயாட்டிக்குன்னாங்க கண்ணு. ஊட்டுக்கு வந்ததும் நாந்தான் வேண்டாம்னு எடுத்து வெச்சுட்டேன். நீதானே சொன்னே, புள்ளைக்கு இளைப்பு வரும்னு?”

நான் சொன்னதில் முன்பாதி மட்டும் அந்த வீடு வரை வந்திருக்கிறது. ‘டாக்டர் கொடுத்தால் கட்டாயம் போட வேண்டும்’ என்ற பின்பாதி வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது!

அன்று நான் போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவரே வீட்டு வாசல் வரை வந்து நின்றார். அந்த ஜீப்பிலேயே கூட்டிப் போனோம். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பும்போது ஜெனிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“இறுக்கிப் பிடிக்குதுங்கக்கா... இப்பவே பொறந்துருமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி” என்றேன். எதிரே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். பாவமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளைக்காகத்தானே அவரும் இத்தனையும் செய்தார்?

சேலத்து டாக்டரம்மா அக்காவை நிற்க வைத்துச் சொன்னார்: “யூரின் இன்ஃபெக்‌ஷனை அப்படியே விட்டா கிட்னிக்கு ஏறிடும். பிரசவ வலியும் முன்னாலேயே வந்துடலாம். இப்பப் பொறந்தா, மூச்சு விடுற அளவுக்கு நுரையீரல் வளர்ந்திருக்காதும்மா.”

எந்த மூச்சுக்குப் பயந்து மாத்திரையை எடுத்து வைத்தாரோ, அதே மூச்சு!

நல்லவேளை... ஊசியில் மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது. வலியும் நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு மீதி மாத்திரைகளை ஜெனிபர் விழுங்கி முடிக்கும்வரை நான்தான் காவல்.

நமக்கு மருந்து என்றால் ஒன்று மிட்டாய், இல்லையென்றால் விஷம். நடுவில் எதுவுமே கிடையாது. யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், எத்தனை நாளைக்கு — கேட்கவே மாட்டோம். ‘மலைக்காட்டு ஜனங்கள், அப்படித்தான்’ என்று சிரிக்கிறீர்களா? கொஞ்சம் எழுந்து போய் உங்கள் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதி தின்ற ஆன்டிபயாட்டிக் அட்டை ஒன்றாவது இல்லையென்றால் என்னைக் கேளுங்கள்.

மாதம் நிறைந்து, போன வாரம் ஜெனிபருக்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. பார்க்கப் போனேன். வார்டுக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. அப்படி ஒரு அழுகை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லூர்துமேரி அக்கா பூரிப்போடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா மூச்சு பாத்தியா கண்ணு! அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி மாத்திரைய நான் தராம நிறுத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு!”

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

எனக்கும் சேர்த்து அவன்தான் கத்திக்கொண்டிருந்தானே!