காலைப் பார்க்காத டொக்டர்

போர்க்காலத்தில் ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையில் இருந்தோம். செக்பொயின்ற் தாண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிங்களத்தில் நோய் வருத்தம் சொல்லப் பயந்து, என் கணவரின் நீரிழிவுக்கு பக்கத்துத் தெருவில் டிஸ்பென்சரி வைத்திருந்த எங்கள் ஊர் டொக்டரையே நம்பினோம். போகும்போதெல்லாம் ஊரில் ஷெல் விழுந்த கதை கேட்பார். சீனி அளவைப் பார்த்து அதே குளிசையை எழுதுவார்.

ஒருநாள் இவருடைய சப்பாத்துக்குள் இரத்தம் கண்டேன். உள்ளங்காலில் ஆணி குத்திய புண் சீழ் பிடித்திருந்தது. இவருக்கு நோவே தெரியவில்லை. கடைசியில் போகப் பயந்த அதே அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

"டொக்டர் காலைப் பார்க்கிறவரே?" என்று அங்கிருந்த தமிழ் நேர்ஸ் கேட்டார். "சீனி வருத்தக்காரருக்கு வருசத்துக்கு ஒருக்காலாவது காலைச் சோதிக்கவேணும். அது எல்லா டொக்டர்மாருக்கும் உள்ள முறை."

நேரே எங்கள் ஊர் டொக்டரிடம் போய்க் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும், தங்கச்சி. அவர் நோகுதெண்டு சொல்லேல்லையே" என்றார்.

சீனி வருத்தத்தில் மரத்த கால் எப்படிச் சொல்லும்? தெரிந்தும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது எந்த டொக்டரிடம் போனாலும், அவர் ஊர்க்கதை கேட்கமுன் இவருடைய சப்பாத்தைக் கழற்றி விடுகிறேன். டொக்டருக்கு முன்னால் காலை நீட்டுவது மரியாதையில்லை என்று இவர் அன்றுபோலவே இப்போதும் கூசுவார்.

மரியாதைக்கு இரண்டு விரல் கொடுத்தது போதும்.