கீழ்வீட்டுக்காரி தொடங்க நினைத்த பள்ளிக்கூடம்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் இந்த முறை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். விரதம் முடியும், பாறணை முடியும், எழுத்து மட்டும் தொடங்காது. நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதைவிடப் பெரிய தயக்கம், இதில் வருகிற கீழ்வீட்டுக்காரி இன்னும் எங்களுக்குக் கீழேதான் இருக்கிறாள். குப்பை போடப் போனால் முகம் பார்க்கவேண்டிய மனுஷி. கடைசியில் அவளிடமே கேட்டேன். "எழுது. ஆனால் என்னை நல்லவளாக்கி எழுதாதே" என்றாள். முருகனை நினைத்துத் தொடங்குகிறேன்.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றில். நான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, என் கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் அப்போது நாலாம் வகுப்பு. கீழ்வீட்டு நோர்வேக்காரியின் மகனும் அதே வகுப்பு. வசந்தம் தொடங்கினால் கட்டடத்துக்காரர் எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டும் நாள் ஒன்று இங்கே உண்டு. அதில் மண் அள்ளி அள்ளித்தான் எனக்கும் அவளுக்கும் பழக்கம்.

அந்த வருடங்களில் புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. பெற்றோரோ தனியாரோ பள்ளிக்கூடம் தொடங்கினால், செலவில் பெரும் பங்கை அரசே கொடுக்கும். 'ஃப்ரிஸ்கூலெ' என்பார்கள். பேப்பரிலும் தொலைக்காட்சியிலும் ஒரே சண்டை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே படிப்பதுதான் இந்த நாட்டின் அழகு என்று ஒரு பக்கம். கூரை ஒழுகினால் பிள்ளையை நனைய விடுவதா என்று மறுபக்கம். எங்கள் ஆட்கள் கோயில் அன்னதானப் பந்தியில் இருந்துகொண்டும் இதையே கதைத்தார்கள்.

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. முழுகி, சமையலறை அலுமாரிக்குள் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியிருந்தேன். சாம்பிராணிப் புகைக்குக் கத்தாமல் இருக்க, முகட்டில் இருக்கும் தீ எச்சரிக்கை மணிக்குக் குளியல் தொப்பி ஒன்றும் மாட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி. நோர்வே மொழியில் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது, அதனால் அவள் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கப் போகிறோம். சின்ன வகுப்பு, வாசிப்புக்குத் தனி ஆசிரியர். போதிய பிள்ளைகள் சேர்ந்தால்தான் விண்ணப்பிக்கலாம். உன் மகளை விடுவாயா?"

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். விளக்கு எரியும்போது வாசலுக்கு வந்து கேட்பவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்வதில்லை. உப்பு முடிந்திருந்தால்கூட 'வாங்கவேணும்' என்போமே தவிர 'இல்லை' என்று வாயில் வராது. என் வாயிலும் வரவில்லை. "யா" என்றேன், நோர்வே மொழியில் அதுதான் ஓம், ஆம். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். கிண்ணத்தில் கடலை கொடுத்து அனுப்பினேன்.

நம்மவர் என்றால் அந்த 'ஓம்' எந்த நேரத்து ஓம் என்று விளங்கிக்கொள்வார்கள். மறுநாள் ஆளனுப்பி மறுப்பைப் பதமாகச் சொல்லிவிடலாம். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

கணவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.

"உமக்கென்ன விசரோ? கடலையோடை சேர்த்துப் பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்தையும் தூக்கிக் குடுத்திட்டீரோ?"

"விளக்கு எரிஞ்சுகொண்டிருந்தது, இஞ்சருங்கோ. எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டிருக்கலாமே." சப்பாத்தைக் கழற்றியபடி கொஞ்சம் இறங்கி வந்தார். "ஆனா ஒண்டு. அங்கை சோதனை வைப்பினமாம். இஞ்சை மார்க்ஸும் இல்லை, எத்தினையாம் பிள்ளை எண்டும் தெரியாது. கேட்டால் நல்ல பிள்ளை எண்டினம். நல்ல பிள்ளை எண்டு எங்களுக்குத் தெரியாதே?"

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். "நான் போகமாட்டன்."

"அம்மா சொல்லிப்போட்டன், பிள்ளை."

"நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள், நீங்களே போங்கோ. வாசிப்புக்குத் தனி லேரர் இருக்கிறாவாம், உங்கடை நொஸ்கும் கொஞ்சம் திருந்தும்."

கணவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் என் நோர்வே மொழி உடைந்ததுதான், அவள் போகமாட்டேன் என்றதிலும் நியாயம் இருந்தது. மகளுடைய வகுப்பாசிரியை, இங்கே பிள்ளைகள் 'லேரர்' என்பார்கள், முதலாம் வகுப்பிலிருந்து அவளைக் கொண்டுவந்தவர். மூன்று வருடம் வாய் திறக்காதிருந்த பிள்ளையைப் பேச வைத்தவர் அவர்தான்.

பேசாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஓம் எண்டிட்டீங்களாம். நீங்கள் விரதகாரி, விசாரிக்காமல் வாய் விடமாட்டீங்கள். நானும் என்ரை ரெண்டு பிள்ளையளின்ரை பேரையும் குடுத்திட்டன்."

வேலைக்குப் போகும் ரயிலில் முருகனோடுதான் வாதாடினேன். உனக்கு முன்னால் சொன்ன சொல், மீறினால் பாவம், மீறாவிட்டால் பிள்ளை அழுகிறாள், நீயே சொல்லு என்றேன். அவன் எங்கே சொல்கிறான்! வழி சொன்னது என் கணவர்தான். பஸ் ஓட்டுகிறவர்கள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள். "விளக்குக்கு முன்னாலை சொன்னது நீர். பிள்ளை சொல்லேல்லை. அவளைக் கேக்காமல் குடுத்த வாக்கு அவளைக் கட்டாது. போய் நேரே சொல்லும். ஆளனுப்பாதையும்."

பகல் நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கினேன். அவள் கோப்பி ஊற்றினாள். என் உடைந்த மொழியில் விளக்கையும் வெள்ளிக்கிழமையையும் சொல்லி, மகளை விடமுடியாது என்றேன். அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்படியானால் நான் வியாழக்கிழமை வந்திருக்கவேண்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு என்ன, பள்ளிக்கூடம் நடத்த ஆசையா? என் பையன் நாலாம் வகுப்பு. ஒரு வரி வாசிக்க மாட்டான். ஆசிரியையைக் கேட்டால், காலம் கொடு என்கிறாள். இன்னும் எவ்வளவு காலம்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. மகள் ஒருநாள் போகிற போக்கில் சொன்னது. அந்தப் பையன் காலையில் சப்பாத்து வைக்கும் அறையில், தொங்கும் ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் போய் இருந்துகொள்வான். வாசிப்பு நேரம் முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் வருவான். சில நாள் மகள் போய்க் கூப்பிட்டு வருவாள்.

"ஜாக்கெட்டுகளுக்குப் பின்னாலா?" என்றாள். "எல்லாம் நல்லாயிருக்கு என்றுதானே என்னிடம் சொல்கிறான்."

கோப்பி ஆறிப்போனது. இரண்டு தாய்மார் இருந்து அழுதோம் என்றுதான் எழுதவேண்டும், வேறு ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பார்த்து ஓம் என்ற அந்தத் தாயிடமும் அன்றே போய் விசயத்தைச் சொன்னேன். அவளும் பின்வாங்கினாள்.

கோடை விடுமுறைக்கு முன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஒரு தகப்பன் எழும்பினார். "பிரிந்து போகிறவர்கள் தங்கள் பிள்ளையை மட்டுமா கொண்டு போகிறார்கள்? எங்கள் பிள்ளைகளுக்கான காசையும்தான். அவர்களுக்குத் தங்கள் பிள்ளை மட்டும்தான் பிள்ளை." எல்லோரும் கீழ்வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்திருந்தாள்.

ஆசிரியர்கள் இருக்கும் சபையில் நாங்கள் வாய் திறப்பதில்லை, அது மரியாதை. அன்று எழும்பினேன். "நான் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று சொன்னவள். என் பிள்ளை இங்கே சந்தோஷம். ஆனால் அவளை ஏசாதே. பிள்ளைக்கு நோவென்றால் தாய் எந்த வைத்தியரிடமும் போவாள்." அவ்வளவுதான் வந்தது, அதுவும் பிழைபிழையாக. ஜாக்கெட் கதையை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். அது அந்தப் பையனுடையது.

பிறகு வகுப்பாசிரியை பேசினார். முகம் சிவந்திருந்தது. "இந்த வகுப்புக்கு வாசிப்பு உதவியாளர் வேண்டுமென்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் காசில்லை என்கிறார்கள். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது." ஏசிய தகப்பன் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வாரத்துக்குச் சில மணிநேரம் ஒரு வாசிப்பு ஆசிரியை வந்தார். புரட்டாதியில் தேர்தல். அரசு மாறியது. புதுப் பள்ளிகளுக்கான கதவைச் சாத்தினார்கள். அவர்களுடைய விண்ணப்பமும் அதோடு நின்றது.

அந்தச் செய்தி வந்த பின்னேரம் கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் இருந்தாள். தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"நீயும் மற்றவளும் விலகாவிட்டால் விண்ணப்பத்தை வசந்தத்திலேயே அனுப்பியிருப்போம். தேர்தலுக்கு முன் அனுமதி கிடைத்திருக்கும்." கோபமில்லை, ஒருவர் வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். "நான் உன்னைக் குறை சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவித்தான் தருவேன் என்று உள்ளே கொண்டுபோனாள்.

பையன் வாசித்தான், மெல்ல மெல்ல. ஆறாம் வகுப்பிலும் விரல் வைத்துத்தான் வாசித்தான். இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் மின்சார வேலை பழகுகிறான். அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் வந்திருந்தால் இரண்டு வருடம் முந்தியே வாசித்திருப்பானோ, அங்கே வேறொரு ஜாக்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பானோ, எனக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரியும். என் மகள் அந்த வகுப்பாசிரியையிடமே ஏழாம் வகுப்பு வரை படித்தாள். அதற்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. அந்த நன்றியோடு கீழ்வீட்டுக்காரி சொன்ன கணக்கும் என் நெஞ்சில் கூடவே இருக்கிறது.

கோயிலில் இந்தக் கதை இரண்டு விதமாக ஓடுகிறது. அரசுப் பள்ளிக்கூடம் வென்றது என்று சிலர், நல்ல பள்ளிக்கூடமொன்றைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர். இதைப் படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கோ. யாரையும் வெல்ல வைக்காதீர்கள். மாடிப்படியில் அவள் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது நோகும் என்பதற்காகவும் விடவேண்டாம்.