சந்தனம் வைத்த கிடார்

மகளை விடுதியிலிருந்து அழைத்து வந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நீட் பயிற்சிக்காகச் சேர்த்த விடுதி அது. ஒரு நாள் காலையிலிருந்து அவளைக் காணவில்லை என்று போன் வந்தது. மாலையில் மேட்டூர் அணைப் பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தோம். ஏன் மேட்டூருக்குப் போனாள் என்று இதுவரை கேட்கவில்லை. அவளாகச் சொல்லும்வரை கேட்க வேண்டாம் என்று, அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன். பதிலை நினைத்தாலே பயமாக இருந்தது.

வந்தபின் அவளாகக் கேட்ட ஒரே பொருள் கிடார். சேலத்தில் வாங்கிக் கொடுத்தேன். செல்போனில் வீடியோ பார்த்துத் தானே பழகினாள். அறைக்கதவு சாத்தியே இருக்கும். உள்ளேயிருந்து ஒலி வந்துகொண்டிருந்தால் நான் பேப்பர் படிப்பேன். ஒலி நின்றால் பேப்பர் கையில் இருக்கும், படிக்க மாட்டேன். கதவைத் தட்டக் கூடாது என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். தட்டினால், வேவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த அறைக்குள் போய் உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது. "எனக்கும் சொல்லிக் குடு சாமி" என்றேன் மகளிடம்.

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். "ஏனுங்க, ஸ்பேனர் புடிக்கற கைக்குக் கிடாரு கேக்குதாக்கும்?"

நாமக்கல்லில் எனக்கு லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. டிப்ளமா முடித்தவன் என்றாலும் வெல்டிங், ரிவெட் எல்லாம் நானும் செய்வேன். விரல் நுனிகள் காய்த்துப் போனவை. கிடார் பழகுகிற எல்லோருக்கும் முதலில் விரல் நுனி வலிக்குமாம். எனக்கு வலிக்கவில்லை. ஆனால் விரல் தடிமன்.

"ஒரு விரல் ரெண்டு கம்பிய அமுக்குதுங்ப்பா. நுனியில நிறுத்துங்க, சாய்க்காதீங்க."

கம்பிகளைச் சேர்த்து அமுக்கி எழுப்பும் ஒலிக்குக் கார்டு என்று பெயராம்; அதில் ஈ மைனர் முதலில் வந்தது. மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது கம்பிகளில் இரண்டு விரல் வைத்தால் போதும். சி கார்டுக்கு மூன்று விரல்கள் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நழுவும். வலது கையால் மீட்டுவதற்கு, 'கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே' என்று ஒரு கணக்கு. அதை நான் ஆணி அடிப்பதுபோல் அடித்தேன்.

"கம்பி அத்துப் போயிரும்ப்பா. தடவி உடுங்க."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு எதிரே உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் மாலையில் கொஞ்ச நேரம் இப்படிக் கழிந்தது.

ஆயுத பூசை வந்தது. காலையில் பட்டறைப் பூசையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பைக் சாவி, அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த கையோடு, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கிடாரையும் எடுத்துவந்து பூசையில் சாய்த்து வைத்தேன். அதன் கழுத்தில் கம்பிகளின் மேலேயே மூன்று விரல் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தேன். ட்ரில்லிங் மெஷினுக்கு வைப்பது போலத்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் எடுக்கக் கூடாதுங்களா?"

"பூசைல வெச்சுட்டமே கண்ணு."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியம் என் மனைவி பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் கூடத்தில் இருந்தேன். அறையிலிருந்து சத்தமே இல்லை. வழக்கமாக இருக்கும் ஒலியை நானே எடுத்துப் பூசையில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டில் நகரும் சத்தமோ இருமலோ கேட்குமா என்று கதவருகே போய் நின்றேன். ஒன்றுமில்லை.

பூசையில் இருந்த கிடாரை எடுத்தேன். பூசையில் வைத்த பொருளை மறுநாளுக்கு முன் அதுவரை எடுத்ததில்லை. பட்டறையில் அன்றைக்கு ஒரு ஆணி அடிக்க வேண்டியிருந்தால்கூட மறுநாள்தான். அவள் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வாசித்தேன். காய்ந்த சந்தனம் பொடியாக மடியில் உதிர்ந்தது. ஒலி மங்கலாக வந்தது. ஈ மைனர் வாசித்தேன். பிறகு சி. மீண்டும் சி.

"அது சி இல்லீங்ப்பா" என்று உள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது. "மோதர விரல ஒரு கட்டம் தள்ளி வெயுங்க."

விரலைத் தள்ளி வைக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு நின்றாள்.

"எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்ளே சொன்னீங்க?"

"சத்தமே இல்லைன்னதும் பயந்துட்டேன் சாமி."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தூங்கிட்டு இருந்தேனுங்ப்பா. பயமா இருந்தாக் கதவத் தட்டுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பிறகு ஈரத்துணி கொண்டுவந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்போது தட்டுகிறேன். சில நாள் உடனே "ம்" என்பாள். சில நாள் எரிச்சலோடு எழுந்து வந்து, "இருக்கறனுங்ப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சாத்திக்கொள்வாள்.