சஹனிலிருந்து முதலில் எழுந்தவர்

என் கணவர் ஜவுபர் திமிர் பிடித்தவர் என்று என் கூடப்பிறந்த அண்ணன் ஜெமீல் காக்கா சாய்ந்தமருது ஊர் முழுவதும் சொல்லித் திரிகிறார். அதைக் கேட்டவர்கள் பலர். எங்களிடம் வந்து விசாரித்தவர் ஒருவருமில்லை. ஆகையால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கிளினிக் அட்டை முதல் கலியாண அழைப்பிதழ் வரை எதையும் எறிந்தவளல்ல.

ஜவுபர் கல்முனையில் சிறிய போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். காலையில் திறந்தால் இரவு இஷா தொழுகைக்குத்தான் பூட்டுவார். பகலுணவும் கதிரையில் இருந்தபடியே: கொத்துரொட்டி, சீனி தூக்கலான பால் தேநீர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த பிறகும் கதிரை மாறவில்லை. ஆணி குத்தியதை உணராமல் நடந்து, புண் புரையோடி, வலது காலின் சின்னவிரலை வெட்டி எடுத்த பின்புதான் அவர் மாறினார்.

“சீனியைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை விரலோடு நிற்காது, பாதமே போகும்” என்றார் வைத்தியர்.

தேகப்பயிற்சிக்கென்று ஒதுக்க அவரிடம் நேரமில்லை. எனவே வேலையையே பயிற்சியாக்கினார். மெஷினைக் கடையின் ஒரு கோடியிலும் காசுப் பெட்டியை மறு கோடியிலும் வைத்து, கதிரையை வீட்டுக்கு அனுப்பினார். நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கடையடிப் பள்ளியை விட்டுத் தூரத்துப் பள்ளிக்கு நடந்தார். பகலுக்கு நான் கட்டிக் கொடுக்கும் குரக்கன் புட்டும் வல்லாரைச் சம்பலும் உண்டார். பாதத்தில் உணர்வு குறைந்திருந்ததால், சாரன் உடுத்தாலும் கீழே மெத்தென்ற சப்பாத்து.

காக்கா ஒருநாள் கடைக்கு வந்தார்.

“என்ன மச்சான், சாரனுக்குச் சப்பாத்து! கடைக்குள்ள ஓட்டப்பந்தயமா?”

“ஓம் மச்சான். நீங்களும் வாங்க, ஒரு ரவுண்டு போவம்.”

“நோஞ்சான்மாரோட ஓட எனக்கென்ன விசரா?”

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். என் வீட்டுக்குக் கல் சுமந்தவர் காக்கா. அதை நான் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு பெருநாளையேனும் அவர் கழித்ததில்லை என்பதையும் மறக்கவில்லை.

பிறகு காக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் விருந்தில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பார்கள். அங்கே யாரும் தன் பங்கை அளக்க முடியாது. பக்கத்திலிருப்பவர் அன்பினால் இறைச்சியையும் சோற்றையும் நம் பக்கம் தள்ளுவார். தள்ளியதை விடுவது மரியாதையல்ல. இதற்கும் ஜவுபர் வழி கண்டுபிடித்திருந்தார். விருந்துகளில் பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நடந்ததாகவும் ஆயிற்று, கடைசியில் தனியே அளவாக உண்டதாகவும் ஆயிற்று. அயலவர் கலியாணங்களில் இதை எவரும் குறையாகச் சொல்லவில்லை.

தன் மகளின் கலியாணத்தில் காக்கா மட்டும் குறை சொன்னார். மாப்பிள்ளையின் வாப்பா இருந்த சஹனில் ஓரிடத்தை வேண்டுமென்றே வெறுமையாக வைத்திருந்தார். திரைக்கு இப்பால் பெண்கள் பக்கத்திலிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“மச்சான், வாளிய வெச்சிட்டு இரிங்க.”

“பரிமாறிட்டு மறுகா இருக்கன், மச்சான்.”

“சபையில வெச்சுக் கேக்கிறன். எங்கட சஹன் உங்களுக்கு ஊத்தையா?”

ஜவுபர் வாளியை வைத்துவிட்டுச் சஹனில் அமர்ந்தார். ஓரத்தில் ஒரு பிடி எடுத்து உண்டார். வழக்கத்தை நிறைவேற்றிவிட்டதாக எண்ணி எழுந்தார். பிழை அங்கேதான் நேர்ந்தது. சஹனில் வந்து அமராத ஒருவரை மன்னிப்பார்கள். எல்லாரும் முடிக்குமுன் எழுந்தவரை மன்னிக்க மாட்டார்கள். உங்களோடு உண்ண எனக்கு விருப்பமில்லை என்பதே அதன் பொருள். மாப்பிள்ளையின் வாப்பா கையை உதறிவிட்டுத் தானும் எழுந்தார்.

“நான் கல் சுமந்த வீட்டில படுத்துக்கிட்டு, என்ட சம்பந்திய எழுப்பிப்போட்டான்!” என்று காக்கா கத்தினார்.

“மச்சான், என்ட கால்...”

“உன்ட காலுக்காக நான் தலை குனியிறதா?”

நான் திரையை விலக்கினேன். “காக்கா, இவருக்கு ஒரு விரல் போனது உங்களுக்குத் தெரியுந்தானே?”

“போனாப் போகட்டும். மரியாதை போகக் கூடாது.”

விரலை வெட்டிய அன்று ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு வந்து, கட்டிலடியில் நின்று அழுதவர் இதைச் சொன்னார். அன்று முதல் அவர் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. சம்பந்தி கூடச் சமாதானமாகிவிட்டார், காக்கா ஆகவில்லை.

சென்ற மாதம் கிளினிக்கில் வைத்தியர் ஜவுபரின் இரண்டு பாதங்களையும் நெடுநேரம் சோதித்தார். சீனி கட்டுக்குள் இருக்கிறது, பாதத்துக்கு இப்போது ஆபத்தில்லை, இப்படியே தொடர்ந்து நடங்கள் என்றார். நாங்கள் நடந்தே திரும்பினோம். காக்கா தன் கேற்றடியில் நின்றார்.

“என்ன, ஓட்டோக்கும் வக்கில்லாமப் போச்சா?”

“கால் இருக்கு, மச்சான்” என்றார் ஜவுபர்.

“இருந்தென்ன? என்ட வாசலுக்கு அது வரக் கூடாது.”

“வராது” என்றேன் நான்.