நிபந்தனை போடாத பொருத்தனை

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு ஒயர் கூடையோடு தஞ்சாவூர் ஜங்ஷனில் நின்றேன். நீடாமங்கலத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். போன வருஷம் இதே ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

"யாருக்கு நன்றி சொல்லப் போற?" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார். எங்கள் மகள் ஜெனி ஆகஸ்டில் இறந்ததிலிருந்து அவர் சபைப் பக்கம் வருவதில்லை. கேட்டதில் தப்பில்லை. சோறும் குழம்பும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் போக வேண்டிய ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்காகப் பெயரை எழுதவில்லை. நாற்பது குடும்பங்கள் உள்ள சின்ன சபை. பாஸ்டரின் மனைவி ரூத், ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என் அறைத்தோழி. போன வருஷம் அவள் கூப்பிட்டு நானும் ஜெனியும் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தோம். வயலில் முதலில் அறுத்த கதிரைச் சபைக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைக்கும் நாள் அது. ஜெனிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது இரண்டு மாதம். சபையே முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபித்தது. எழுந்து நின்று, அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு இங்கே வந்து கர்த்தருக்குச் சாட்சி சொல்வேன் என்று எல்லோர் முன்னாலும் பொருத்தனை செய்தேன்.

மகளுக்குச் சுகம் கிடைத்தால் வருவேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் விசுவாசம் போதாது என்று ஆகிவிடுமோ என்ற பயம். திரும்பி வரும்போது ஜெனி ரயிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "கண்டிஷனே போடாம கையெழுத்து போட்டுட்டியேம்மா. ஆண்டவர் விட மாட்டார், பாத்துக்கோ." அவளுக்கு எதிலும் கேலிதான். ஊசி குத்த வரும் நர்சைக்கூட விட்டுவைக்க மாட்டாள்.

சாட்சி என்றால் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்வது. விசா வந்தது, கட்டி கரைந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். நான் எதைச் சொல்ல? போகாமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கொடுத்த வாக்கையும் விட்டுவிட்டால், ஆண்டவருக்கும் எனக்கும் நடுவே மிச்சம் எதுவும் இருக்காது என்று தோன்றியது. அந்தப் பயம்தான் என்னை ரயிலேற்றியது.

அம்மாப்பேட்டை தாண்டியதும் இரு பக்கமும் சம்பா வயல்கள். முந்தின வாரம் பருவம் தப்பிப் பெய்த மழையில் விளைந்த பயிர் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. வயலில் இறங்க வழியில்லாமல் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டோரம் நின்றது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

நீடாமங்கலத்தில் ஆட்டோ பிடித்தேன். ஏழு கிலோமீட்டருக்கு நூற்று எண்பது ரூபாய். நூறு அடி போவதற்குள் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்த கேட்டுல நின்ன நேரத்துக்கு சிங்கப்பூர் போயி சம்பாரிச்சிட்டு வந்திருக்கலாங்க. சர்ச்சுல கல்யாணமா?"

"இல்லைங்க. அறுப்புப் பண்டிகை."

"இந்த வருஷமா?" என்று அவர் முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "என்னத்தங்க அறுத்தாங்க?"

அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்க, அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஒன்பது மணிக்கு முன்பே சபை வாசலில் இறங்கிவிட்டேன். ரூத் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு என்னைச் சமையல் கொட்டகைப் பக்கம் இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்டி. ஆராதனைல உக்காரு, சாப்புடு, போதும். சுகம் கெடைச்சாதானே பொருத்தனை?"

"நான் அப்படிச் சொல்லலையே ரூத்."

"மனசுல அதானடி இருந்துச்சு?"

"மனசுல இருந்துச்சு. ஆனா வாயால சொல்லலையே."

அவள் பெருமூச்சு விட்டாள். "நம்ம சபை எஸ்தர் வந்திருக்கு. அதோட பொண்ணு தஞ்சாவூர் ஆஸ்பத்திரில இருக்கா. பதினாறு வயசு. கிட்னி. உன் பேச்சைக் கேட்டா அது ஒடஞ்சு போயிரும்."

அது நான் நினைக்காதது. என் வாக்கைக் காப்பாற்றப் போய் இன்னொரு தாயின் நம்பிக்கையைக் கெடுக்கவா வந்தேன்? ரூத் சொன்னபடி பேசாமல் இருந்துவிடலாம் என்றே உள்ளே போனேன்.

போன வருஷம் பலிபீடத்தின் முன்னால் கதிர்கள் பொன்னாகக் குவிந்திருந்தன. இந்த வருஷம் பத்துப் பதினைந்து கட்டுகள்தான். ஒல்லியான ஒரு பெண் மஞ்சள் துணியில் சுற்றிய கதிர்க்கட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெல் கறுத்து, ஒவ்வொரு மணியிலும் பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. காணிக்கைக்கு யாராவது இதைக் கொண்டுவருவார்களா என்று நான் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"இதாங்க்கா வெளைஞ்சுது," என்றாள். "குத்தகை நெலம். முழுசும் மொளைச்சிருச்சு. வீட்டுக்காரரை ஆஸ்பத்திரில பொண்ணுகிட்ட விட்டுட்டு மொத பஸ்ல வந்தேன்."

அவள்தான் எஸ்தர்.

சாட்சி நேரம் வந்தது. ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு நன்றி சொன்னார். ஒரு பெண் பேரக்குழந்தைக்குச் சொன்னாள். அடுத்தது யார் என்று பாஸ்டர் சபையைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை, நல்ல மனுஷர். நான் எழுந்தேன். ரூத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வருஷம் நீங்க எல்லாரும் என் மகளுக்காக ஜெபம் பண்ணீங்க. அவ எறந்துட்டா. ஏன்னு எனக்குத் தெரியல. ஆண்டவர் மேல கோபமா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வர்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன், வந்திருக்கேன். ஆஸ்பத்திரில கடைசி ராத்திரி அவ பயப்படல. என் கையைப் புடிச்சிட்டுத் தூங்குனா. அதுக்கு ஸ்தோத்திரம்."

வழக்கமாகச் சாட்சி முடிந்ததும் பாட்டு எடுப்பார்கள். கீபோர்டு வாசிப்பவருக்கு என்ன பாட்டு எடுப்பதென்று தெரியவில்லை. கட்டையில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தார். நான் உட்கார்ந்தேன். எஸ்தரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மதியம் சாம்பார் சாதப் பந்தியிலும் அவள் என்னோடு பேசவில்லை. அவளை உடைத்துவிட்டேன் என்றே முடிவுகட்டினேன். கிளம்பும்போது, காலியான மஞ்சள் துணியை மடித்துக்கொண்டு என் கூடவே பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். நீடாமங்கலத்தில் மாறித் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் சரியாயிரும், சரியாயிரும்னே சொல்றாங்கக்கா. சரியாவலன்னா என்ன பண்றதுன்னு யாரைக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். அவளுக்கு ராத்திரி ஆனா பயம். உங்க பொண்ணு பயப்படாம இருக்க நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அவள் தலையாட்டினாள். தஞ்சாவூர் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. இறங்கும்போது, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, களைச்சிருப்பீங்க," என்றாள். ஜெனி இருந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அந்த வழியாகப் போவதையே விட்டிருந்தேன். கடைக்குப் போகக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"பெரியம்மா," என்றேன்.

மூன்றாவது மாடிக்கு ஏறும்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"சாட்சி சொல்லி முடிச்சிட்டியா?"

"இன்னும் முடியலங்க," என்றேன். "குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நான் வர நேரமாகும்."